வழுக்கை எலிகளுக்கு ஒரு மூன்றரை

1

எங்கள் வீட்டுக் கூரைக்குள் வௌவால்கள் குடியிருக்கின்றன என்று எனக்குத் தெரியவந்தது மாமாவின் திவசத்தன்று. மாமா என்றால் என் கணவரின் தகப்பனார். தபாற்கந்தோரில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, மூட்டு வருத்தத்தோடு காலமானவர். இனி 'இவர்' என்று எழுதும் இடமெல்லாம் என் கணவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லிப் பழக்கமில்லை.

நாங்கள் இருப்பது லவாலில். ஆற்றுக்கு வடக்கே, சட்டப்படி வேறு நகரம். ஆனால் ஊரிலிருந்து யார் கேட்டாலும் மொன்றியல் என்றே சொல்வோம். லவால் என்றால் அது எந்த நாட்டில் என்று கேட்கிறார்கள்.

ஜூன் மாதம். ஐயர் தன் பண்டகசாலை வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். புகை மணி கத்தாமலிருக்க, நான் குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பியை அதற்கு மாட்டியிருந்தேன். ஒவ்வொரு திவசத்துக்கும் அது அந்தத் தொப்பியோடுதான் இருக்கும். மாமாவின் படத்துக்கு மாலை போட்டு, சாம்பிராணி காட்டி, ஐயர் மந்திரம் தொடங்கினார். நடைபாதைக் கூரையில், மேலே ஏறிப் பார்ப்பதற்கென்று ஒரு சதுர மூடி இருக்கிறது. சாம்பிராணிப் புகை அதன் இடுக்கு வழியே மேலே போயிருக்க வேண்டும். திடீரென்று கறுப்பாக ஏதோ ஒன்று அதே இடுக்கால் விழுந்து, சிறகு விரித்து, வரவேற்பறையை இரண்டு தரம் சுற்றி, மாமாவின் படத்து மாலையில் போய்த் தலைகீழாகத் தொங்கியது.

"அப்பா!" என்றார் இவர்.

ஐயர் மந்திரத்தை நிறுத்திப் படத்தைப் பார்த்தார். பிறகு தன் புத்தகத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ. நான் இன்னும் ஆளைக் கூப்பிடேல்லை" என்றார்.

அடுப்புக்குப் பாவிக்கும் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு, ஐஸ்கிறீம் டப்பாவால் அதை மூடி, பின்னால் ஒரு கலண்டர் மட்டையைச் செருகி இவர் வெளியே கொண்டுபோனார். நான் கூட்டுகிற தும்புத்தடியோடு பின்னால் போனேன்.

"மெல்ல, மெல்ல. ஆளுக்கு மூட்டு வருத்தம்" என்றார் இவர்.

மேப்பிள் மரத்தின் நிழல் பக்கத்தில் டப்பாவைச் சாய்த்தார். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத அந்தச் சீவன் பட்டையைப் பற்றி ஏறி ஒரு வெடிப்புக்குள் ஒளிந்துகொண்டது. ஐயர் மிச்ச மந்திரத்தை வழக்கத்தைவிட விரைவாகச் சொல்லி முடித்தார். சாப்பிட்டுப் போகும்படி கேட்டதற்கு, வேலை இருக்கிறது என்றார். அரைநாள் லீவு போட்டவருக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

பிறகு இவர் ஏணி வைத்து, மூடியைத் திறந்து, ரோச் விளக்கு அடித்துப் பார்த்தார். வெகுநேரம் தலை மேலேயே இருந்தது. இறங்கி வந்து சொன்னார்:

"அப்பா தனியா வரேல்லை."

2

நான் ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைகளைப் பகலில் பராமரிக்கும் இடத்தில், சமையல் செய்கிறேன். என் பிரெஞ்சு முழுவதும் அங்கேயுள்ள மூன்று, நான்கு வயதுக்காரரிடம் படித்தது. 'எனக்கு இன்னும் வேணும்', 'அவன்தான் முதல் தள்ளினவன்', 'நான் தனியச் செய்வேன்' போன்ற வசனங்களை இங்கே பிறந்து வளர்ந்தவள் மாதிரிச் சொல்வேன். அலுவலகங்களோடு பேச இவை போதாது.

ஆனாலும் மறுநாள் நகரத் தகவல் எண்ணுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். எனக்கு அவற்றை வெளியேற்ற வேண்டும். மாமா என்றாலும் சரி, வேறு யார் என்றாலும் சரி, என் தலைக்கு மேலே இருந்து எச்சம் போட ஒருவருக்கும் அனுமதி இல்லை.

பிரெஞ்சில் வௌவாலை 'ஷோவ்-சூரி' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் வழுக்கை எலி. வழுக்கையை மறந்து, கிட்டத்தட்ட அதே மாதிரி ஒலிக்கும் சூடு என்ற சொல்லைப் போட்டுவிட்டேன் நான்.

"என்ரை வீட்டில் சூடான எலி இருக்கு" என்றேன்.

மறுமுனையில் இருந்த பெண் மிகவும் மரியாதையானவள். "உயிரோடா, மேடம்?"

"ஓம். நிறைய. குழந்தைகளும் இருக்கு."

"ஏன் சூடாக இருக்கின்றன?"

"தெரியாது. நான் தொட்டுப் பார்க்கவில்லை."

"வீட்டில் எங்காவது நெருப்புப் பிடித்திருக்கிறதா?"

நேற்று ஐயர் வளர்த்த ஓம நெருப்பைத்தான் கேட்கிறாளாக்கும் என்று நினைத்து, "நேற்றுக் கொஞ்சம்" என்றேன். அவள் அவசரமாக என்னை வேறொருவருக்கு மாற்றினாள். அந்த மனிதர் முகவரியைக் கேட்டார், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார், எல்லோரும் வெளியே வந்துவிட்டீர்களா என்று கேட்டார். கடைசியில், "அந்த எலிகள் இப்போது என்ன செய்கின்றன?" என்றார்.

"நித்திரை. பின்னேரம் பறக்கும்."

பிறகு அவர் பெருமூச்சு விட்டார். "ஆ, மேடம். ஷோவ்-சூரி!"

பிறகு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். கோடையில் அவற்றை வெளியேற்ற முடியாது. கூரைக்குள் இருப்பவை தாய்மாரும் குட்டிகளும். இப்போது ஓட்டையை அடைத்தால், இரை தேடப் போன தாய் வெளியே நிற்கும், பறக்கத் தெரியாத குட்டி உள்ளே கிடக்கும்.

நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தேன். இப்படிப் பிரிந்து நின்ற கதைகள் எங்கள் வீட்டில் போதுமான அளவு உண்டு. தும்புத்தடியைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

3

எங்களுக்கு ஒரே மகள். பெயர் நிலானி, வயது இருபத்தாறு. இரண்டு சிநேகிதிகளோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு இருக்கிறாள். மெற்றோவில் ஏறினால் நாற்பது நிமிடம். ஆனால் அவள் வருவது தீபாவளிக்கும், வரிப் பத்திரம் நிரப்புகிற நாளுக்கும்தான். நான் எதை எழுதி அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல் படம் திரும்பி வரும். 'குளிருது, சொக்ஸ் போடு' என்றால் கட்டைவிரல். 'பெரியம்மாவுக்கு ஒப்பரேஷன்' என்றாலும் கட்டைவிரல்.

'வீட்டில் வௌவால்' என்று தமிழில் எழுதினேன். கட்டைவிரல் வந்தது. இவர் கூரைக்குள் எடுத்த படத்தை அனுப்பினார். ஒரு நிமிடத்தில் தொலைபேசி அடித்தது.

"அம்மா! செ குவா சா? என்ன இது?"

"அதுதான் எழுதினனே. வவ்வால்."

"நான் ஏதோ கறி எண்டு நினைச்சன்."

அன்று பின்னேரமே வந்துவிட்டாள். கூரைக்குள் தலையை விட்டவள் இறங்கவே இல்லை. வௌவால்களைக் கணக்கெடுக்கும் தன்னார்வக் குழு ஒன்றை இணையத்தில் தேடிப் பிடித்தவளும் அவள்தான். அவர்களிடம் ஒரு படிவம் இருந்தது. படிவம் என்றதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"முதல் கேள்வி," என்றாள் மகள். "எப்ப வந்ததுகள்?"

"திகதி சரியாத் தெரியாமல் சொல்லக் கூடாது. பேந்து விசாரணையிலை மாத்திச் சொன்னமெண்டால் அதிலையே பிடிச்சுப்போடுவாங்கள்."

"அப்பா, இது அகதிக் கேஸ் இல்லை."

"எல்லாப் படிவமும் ஒண்டுதான், பிள்ளை. எந்த வழியா உள்ளுக்கு வந்ததுகள் எண்டு கேட்டிருக்கிறாங்களோ?"

கேட்டிருந்தார்கள். ஐந்தாவது கேள்வி. இவர் என்னைப் பெருமையோடு பார்த்தார். பதில்களை எல்லாம் வேறொரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார், பின்னால் முரண்படாமல் இருக்க. வீட்டு வரிப் பத்திரத்தையும் தன் அடையாள அட்டையின் பிரதியையும் சேர்த்து அனுப்பச் சொன்னார். யாரும் கேட்கவில்லை என்று மகள் சொன்னாள்.

"கேக்க முதல் குடுக்கோணும்" என்றார்.

4

இரண்டு கிழமையில் அந்தக் குழுவிலிருந்து மரி-எவ் என்ற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். சேறு படிந்த சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அதிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. அவள் பிரெஞ்சில் சொல்ல, நிலானி தமிழில் சொன்னாள். நிலானியின் தமிழும் என் பிரெஞ்சும் ஏறக்குறைய ஒரே வயது, அதனால் எனக்கு நன்றாக விளங்கியது.

இந்தச் சின்னப் பழுப்பு வௌவால்களுக்கு ஒரு வருத்தம், அதாவது நோய், வருகிறதாம். வெள்ளை மூக்கு என்று பெயர். குளிர்காலத்தில் குகைகளில் அவை நித்திரை கொள்ளும்போது மூக்கிலும் சிறகிலும் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். அந்த அவதியில் அடிக்கடி விழித்தெழும். எழும்பினால் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்புக் கரைந்துபோகும். வெளியே பனி, தின்னப் பூச்சி இல்லை. பசியில் செத்துப்போகும். ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாகக் கிடந்த குகைகளில் இப்போது தேடித்தான் பார்க்க வேண்டுமாம். தப்பி வருகிறவை சிறகு கிழிந்து, மெலிந்து வரும். அவற்றுக்கு ஒரு சூடான இடம் கிடைத்தால் வேகமாகத் தேறும், குட்டியும் பிழைக்கும். வருடத்துக்கு ஒரே ஒரு குட்டிதான். எங்கள் கூரை வெயிலில் நன்றாகக் கொதிப்பதால் தேடி வந்திருக்கின்றன.

"அப்ப நான் சூடான எலி எண்டு சொன்னது பிழையில்லை" என்றேன்.

கூரையிலேயே விட முடியாதென்றால், பொழுதோடு ஒரு வௌவால் பெட்டி செய்து உயரத்தில் மாட்டுங்கள், இலையுதிர் காலத்தில் அவை குகைக்குப் போன பிறகு கூரை ஓட்டைகளை அடைத்துவிடுங்கள் என்றாள் மரி-எவ். இவர் கையை உயர்த்தினார், வகுப்பில் மாதிரி.

"நான் செய்யிறன்."

சொல்ல மறந்துவிட்டேன். இவர் சென்ட் லோரன்டில் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் உலோகத்தை மினுக்கியவர். விரலால் தடவிப் பார்த்து மயிரிழைக் கீறலையும் கண்டுபிடிப்பார். ஓய்வு பெற்ற பிறகு மினுக்க ஒன்றும் கிடைக்காமல், என் தோசைக்கல்லை மினுக்கி அதன் பதத்தைக் கெடுத்தவர்.

மூன்று கிழமை கராஜுக்குள் சத்தம் கேட்டது. பிறகு எங்களைக் கூப்பிட்டுத் துணியை விலக்கிக் காட்டினார். பெட்டி இல்லை அது, மாளிகை. முன்னால் ஒரு கூடம், இரண்டு சன்னல், சாய்ந்த கூரை, வெளியே நின்று காற்று வாங்க ஒரு பல்கணி. உள்ளே கைவிட்டுத் தடவினேன். கண்ணாடி தோற்றுவிடும், அப்படி ஒரு வழுவழுப்பு. வெளியே வெள்ளைப் பூச்சு, அதன்மேல் வார்னிஷ்.

மறுபடி வந்த மரி-எவ் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கனிவாகப் பேச முயல்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"மிக அழகாக இருக்கிறது," என்றாள். "ஆனால் வெளியே கறுப்பாக இருக்க வேண்டும், வெயிலை இழுக்க. சன்னல் வேண்டாம், வார்னிஷ் மணமும் ஆகாது. கூடம் வேண்டவே வேண்டாம். இரண்டு விரல் அகலத்தில் ஒடுங்கிய இடுக்குகள் போதும், ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு இருக்கத்தான் அவற்றுக்கு விருப்பம். அப்புறம்..." இவரைப் பார்த்துத் தயங்கினாள். "உள்ளே சொரசொரப்பாக இருக்க வேண்டும். இதில் அவற்றால் பிடிக்க முடியாது. வழுக்கி விழும்."

மகள் மொழிபெயர்த்து முடித்தாள். இவர் பெட்டியின் உள்பக்கத்தை ஒருமுறை தடவினார்.

"கீறச் சொல்லுறாவோ?"

"ஓம், அப்பா."

"நானே கீறோணுமோ?"

5

அதே நாள் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மரி-எவ்வுக்கு உழுந்து வடையும் தேத்தண்ணியும் கொடுத்தேன். அவள் மாமிசம் சாப்பிடாதவள். மூன்றாவது வடையை எடுத்துக்கொண்டு, உங்கள் நாட்டிலும் வௌவால்கள் உண்டா என்று கேட்டாள்.

பெட்டித் துக்கத்தில் இருந்த இவர் பேச்சை மாற்ற நினைத்திருப்பார் போலும். தன் சொந்தப் பிரெஞ்சில், மகளின் உதவி இல்லாமல் பதில் சொன்னார்:

"உண்டு, பெரிசு. என்ரை மனிசி சாப்பிட்டிருக்கிறா."

மரி-எவ்வின் வாயில் வடை அப்படியே நின்றது. நிலானி என்னைப் பார்த்தாள்.

"அம்மா?"

நடந்தது உண்மை. சின்ன வயதில் எனக்கு இழுப்பு. இரவில் மூச்சு விடமுடியாமல் நெஞ்சு விசிலடிக்கும். எந்த மருந்துக்கும் நிற்கவில்லை. கந்தையா மாமா என்று ஒரு சொந்தக்காரர், இதற்கெல்லாம் வைத்தியம் தெரியும் என்று தானே சொல்லிக்கொண்டு திரிந்தவர், ஒருநாள் மிளகு தூக்கலாகப் போட்டு ஒரு கறி கொண்டுவந்து தந்தார். கோழி என்றார். கோழிக்கு ஏன் இவ்வளவு சின்னச் சின்ன எலும்பு என்று கேட்டேன். இது வெளிநாட்டுக் கோழி என்றார். பழம் தின்னி வௌவால் என்று பிறகுதான் சொன்னார்கள். ருசியாகத்தான் இருந்தது. இழுப்பும் நிற்கவில்லை.

இதை எப்படி விளங்கப்படுத்துவது? கார்தெரியில் படித்த பிரெஞ்சில் எனக்கு அகப்பட்டது ஒரு வசனம்தான்:

"நான் வேணுமெண்டு செய்யேல்லை!"

நான்கு வயதுப் பிள்ளை அழுதுகொண்டு சொல்லும் தொனியிலேயே அது வாயிலிருந்து வந்துவிட்டது. மரி-எவ் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வடைத் துணிக்கை புரைக்கேறி, நிலானி முதுகில் தட்ட வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் தன் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று இன்றுவரை கேட்கத் துணியவில்லை.

அவள் போன பிறகு இவர் படியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"வசதியா இருக்கட்டும் எண்டுதானே கூடம் வைச்சனான்" என்றார். "இரண்டு விரல் இடுக்கிலை என்னெண்டு இருக்கிறது?"

"நாங்கள் இருக்கேல்லையோ?"

மொன்றியலில் வீட்டுக்கு அறைக் கணக்குத்தான் பெயர். மூன்றரை என்றால் சமைக்கிற குசினி, கூடம், படுக்கையறை, அரை என்பது குளியலறை. நாங்கள் வந்த புதிதில் சென்ட் லோரன்டில் ஒரு மூன்றரையில் பதினொரு பேர் இருந்தோம். குளியலறைக்குப் போவதென்றால் ஏழு பேரைத் தாண்ட வேண்டும். முதல் பனிக்காலம் ஹீட்டர் சரியாக வேலை செய்யவில்லை. ஆனால் குளிர்ந்ததாக எனக்கு நினைவில்லை. பிறகு ஒவ்வொருவராக வேலை கிடைத்து, உடம்பு தேறி, தனி வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். பெரிய வீட்டுக்கு மாறிய பிறகுதான் எனக்குக் குளிரே தெரிந்தது.

இவர் இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்து, அந்த அகலத்தைப் பார்த்தார்.

"அப்ப மூன்றரை போதும் எண்டுறீர்."

"இடுக்கமா, இருட்டா, சூடா. பல்கணியைக் கழட்டுங்கோ."

மறுநாள் கராஜுக்குள் இருந்து கரகரவென்று வேறு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இவர் வாளின் பல்லால் பலகையைக் கீறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கீறலுக்கும் கண்ணை மூடிக்கொண்டார்.

6

குட்டிகள் பறந்தன. இலை பழுக்கும் காலத்தில் எல்லாம் குகைக்குப் போய்விட்டன. கூரை ஓட்டைகளை நாங்களே வலையும் பலகையும் வைத்து அடைத்தோம். கறுப்புப் பெட்டியை வீட்டைச் சுற்றிய வளவின் தென்கிழக்கே நல்ல உயரத்தில் ஒரு கம்பத்தில் ஏற்றினோம். பிறகு பனி கொட்டியது. இந்த ஊரில் அது கொட்டத் தொடங்கினால் வேறு எதையும் எழுத இடமில்லை. ஒன்று மட்டும்: குளிர் மிகக் கடுமையான நாட்களில் இவர் சன்னலருகே நின்று, "இப்ப மூக்கைப் பாத்தால் என்ன நிறமா இருக்குமோ" என்பார். நான் தேத்தண்ணி கொடுப்பேன்.

மே வந்தது. வௌவால் வரவில்லை. ஜூன் வந்தது, வரவில்லை. சில வேளை ஒரு வருடம், இரண்டு வருடம்கூட எடுக்கும் என்றாள் மரி-எவ். இவர் ஒவ்வொரு காலையும் கம்பத்தைச் சுற்றி வருவார். பழைய கூரை ஓட்டையடிக்கும் போய் நிற்பார்.

"பூட்டிப்போட்டு விலாசத்தை மாத்தினதை அதுகளுக்கு ஆர் சொல்லுவினம்?" என்றார் ஒருநாள். "திரும்பி வந்து, கதவு பூட்டிக் கிடக்கெண்டு போயிட்டுதுகளோ?"

எனக்கும் அதே பயம் இருந்தது, சொல்லவில்லை. வருத்தத்தோடு, கிழிந்த சிறகோடு இவ்வளவு தூரம் வந்து பூட்டிய வீட்டைக் கண்டால் எப்படி இருக்கும் என்று சோறு வடிக்கும்போதெல்லாம் நினைத்தேன். அடைக்க வேண்டும் என்று நின்றவள் நான்தானே.

ஜூலையில் ஒரு காலை, வளவிலிருந்து இவர் அலறினார். நெஞ்சுவலி என்று நினைத்து ஒற்றைச் செருப்போடு ஓடினேன். கம்பத்தடியில் முழங்காலில் நின்றுகொண்டு, ஒரு வெள்ளைத் தாளை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். தாளில் கறுப்பாக, அரிசி மணி அளவில் நாலைந்து.

"எச்சம்!" என்றார். கண் கலங்கியிருந்தது.

"எலியின்டையோ?"

குச்சியால் ஒன்றை அழுத்தினார். தூளாக உடைந்து வெயிலில் மினுங்கியது. பூச்சிச் சிறகு. எலியின் எச்சம் கல்லுப்போல இருக்கும், உடையாது, மினுங்காது. இதை எங்களுக்கு மரி-எவ் சொல்லித் தந்திருந்தாள். நாங்கள் இருவரும் அந்தத் தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். பிறந்த பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்தோமா தெரியாது.

படம் எடுத்துக் குடும்பக் குழுமத்தில் போட்டார். ரொறொன்ரோவிலிருந்தும் ஊரிலிருந்தும் வாழ்த்து வந்தது. ஒரு மச்சாள், கருஞ்சீரகம் உங்கே நன்றாக விளையுதோ என்று கேட்டாள். நிலானியிடமிருந்து கட்டைவிரல் வரவில்லை. தொலைபேசி வந்தது.

"அப்பா, நான் வேலை முடியப் பின்னேரம் வாறன். நான் வரும்வரைக்கும் ஒருத்தரும் எண்ணக் கூடாது."

வியாழக்கிழமை அது. மடக்குக் கதிரைகள் மூன்றைப் போட்டு, நுளம்பு கடிக்காமல் மருந்து பூசிக்கொண்டு இருந்தோம். பொழுது சாய்ந்து, வானம் இன்னும் வெளிச்சமாக இருந்தது. சத்தமாக எண்ண வேண்டும், ஆனால் மூவரும் மூன்று மொழியில் எண்ணினால் குழம்பிவிடும் என்று இவர் சொன்னார். ஒருவர்தான் எண்ணுவது என்று முடிவாகியது. நல்ல கண் மகளுக்குத்தான்.

"எனக்குத் தமிழிலை எண்ணத் தெரியும்" என்றாள் அவள். நாங்கள் கேட்கவேயில்லை.

பெட்டியின் அடியில் ஒரு நிழல் அசைந்து கழன்று விழுந்தது. விழுந்த கணமே சிறகாகிப் போனது.

"ஒண்டு!" என்றாள். பிறகு "ரெண்டு." பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு, மூன்று, நாலு, ஐந்து. இவர் என் கையைப் பிடித்திருந்தார். பிடித்திருப்பது அவருக்கே தெரிந்திருக்காது. எட்டு. ஒன்பது. பத்து.

அடுத்தது வெளியே வந்தது. நிலானியின் வாய் திறந்தபடி நின்றது.

"அம்மா, பத்துக்குப் பிறகு என்ன?"

"பதினொண்டு!" என்று நான் கத்தினேன். அதே நேரம் இவர், இன்னொன்று வந்ததாக நினைத்து, "பன்னிரண்டு!" என்று கத்தினார்.

"எது?"

"பதினொண்டு!"

"இல்லை, பன்னிரண்டு, நான் கண்டனான்!"

நாங்கள் சண்டை பிடித்து முடிக்கும்போது வானம் இருட்டி, பெட்டி வெறுமையாக இருந்தது. படிவத்தில் 'பதினொன்று அல்லது பன்னிரண்டு' என்று எழுதி அனுப்பினோம். அப்படி எழுத இடமில்லை என்று படிவம் இரண்டு தரம் திருப்பி அனுப்பியது.

அடுத்த வியாழன் நாங்கள் கூப்பிடாமலே நிலானி வந்தாள். மெற்றோவில் வரும் நாற்பது நிமிடமும் இருந்து, ஐம்பது வரை பாடமாக்கியிருந்தாள். கதிரையில் இருந்துகொண்டு, பதினொண்டு, பன்னிரண்டு, பதிமூண்டு என்று எங்களுக்கு ஒப்புவித்தும் காட்டினாள்.

அன்று வெளியே வந்தவை ஒன்பது.